அம்மிக்கு எத்தனை வயசு?

பம்மலில் நாங்கள் இருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தபோது பாதிச் சாமான் பழைய பேப்பர்காரரிடம் போனது. அண்டா போனது, மர பீரோ போனது, அப்பாவின் சாய்வு நாற்காலிகூடப் போனது. அம்மியை மட்டும் அம்மா விடவில்லை. மூன்றாவது மாடிக்கு அதை ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. இப்போது பால்கனி மூலையில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மிக்ஸி இருந்தாலும் துவையலும் மீன் குழம்பு மசாலாவும் அதில்தான்.

போன மாசி மாதம் ஒரு காலை, தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று குரல் கேட்டது. எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்ட குரல். அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். அறுபது வயது இருக்கும் அவருக்கு. சாக்குப் பையில் நாலு உளி, ஒரு சுத்தியல். அம்மியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் உடனே கொத்தத் தொடங்கவில்லை. உளியின் பின்பக்கத்தால் கல்லை மூன்று இடத்தில் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "நல்ல கல்லும்மா. எத்தனை வருஷத்து அம்மி?" என்றார். "என் கல்யாணத்துக்கு வாங்கினதுப்பா. அம்பது வருஷம் ஆச்சு. இவங்க அப்பா திரிசூலம் மலையடியில கொத்தச் சொல்லி, வண்டியில ஏத்திட்டு வந்தார்" என்றார் அம்மா.

கதவோரம் நின்றிருந்த நான், "இந்தக் கல்லுக்கு 250 கோடி வருஷம்ண்ணே" என்றேன். அவர் உளியைக் கீழே வைத்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "அதை யாரு பாத்தாங்க தம்பி?" நான் யோசிக்காமல், "யாரும் பாக்கலைண்ணே. கார்பன் டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிப்பாங்க" என்றேன். "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிட்டுக் கொத்த ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி எனக்கு மனசு ஆறவில்லை. அவர் நம்பாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்பினார். நாற்பது வருஷமாகக் கல்லைத் தொட்டே பிழைத்தவரிடம், கல்லைப் பற்றி நான் சொன்னது தப்பு. கல்லுக்குக் கார்பன் டெஸ்ட் கிடையாது. அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது. 250 கோடி என்ற எண்ணை எங்கேயோ படித்து வைத்திருந்தேனே தவிர, அது எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

கரியும் கல்லும்

கார்பன் கணக்கு உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் பொருந்தும். மரமோ மாடோ, உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தும் தீனியிலிருந்தும் கார்பன்-14 என்ற, தன்னால் சிதையும் கார்பன் வகை உள்ளே வந்துகொண்டே இருக்கும். உயிர் போன நாளோடு வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டுக்கு ஒரு முறை இருப்பு பாதியாகும். ஐம்பதாயிரம் ஆண்டைத் தாண்டினால் நம்பி அளக்க மிச்சமே இருக்காது. கீழடியில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, பொது ஆண்டுக்கு முன் 580 என்று காலம் வாங்கினார்களே, அது சரியான இடத்தில் சரியான கணக்கு. கரி ஒரு காலத்தில் மரம். அம்மி எந்தக் காலத்திலும் உயிரோடு இருந்ததில்லை.

சரி, அப்படியானால் 250 கோடியை எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதைத் தேடிப் போனதில்தான், நான் பிறந்து வளர்ந்த பகுதியின் கல்லுக்கு இவ்வளவு கதை இருப்பது தெரிந்தது. திரிசூலம், பல்லாவரம், பரங்கிமலை என்று விமான நிலையத்தைச் சுற்றி நிற்கும் குன்றுகளின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளாக இருந்த ஜாப் சார்னாக் 1690களில் இறந்தபோது அவர் கல்லறைக்கு வைத்த கல், செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இன்னும் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்துவிட்டு, இது பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893இல் அந்த இனப் பாறைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். பிறகு அதே இனம் அண்டார்டிகாவிலும் ஆப்பிரிக்காவிலும் நார்வேயிலும் கிடைத்தபோது, எல்லா நாட்டு நிலவியலாளர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். எங்கள் மலைக் கல் கல்லறைக்குப் போன ஒருவரின் பெயரில் உலகமெல்லாம் அறியப்படுகிறது. பெயர் பல்லாவரத்துக்குக் கிடைத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

புதிதாகக் கொத்திய அம்மியின் முகத்தை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? மேலே பழகிய இடம் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். உளி பட்ட இடத்தில் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். கண்ணுக்குத் தெரிகிற அந்த மணிகள் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும், கருப்பாக இருப்பது பைராக்ஸீனும். ஆனால் வயதைச் சொல்வது இவை எதுவும் இல்லை. இவற்றுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத அளவில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்கு அங்கங்கே ஜிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதே ஜிர்கான்தான்.

அரிக்கன்சட்டி

ஜிர்கானை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு எங்கள் பாட்டியின் அரிக்கன்சட்டிதான் ஞாபகம் வந்தது. உள்பக்கம் வரிவரியாகக் கோடு போட்ட மண்சட்டி. அதில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி அலசி ஊற்றினால் அரிசி மேலே வரும், கனமான கல் வரிகளில் தங்கிவிடும். பாறையையும் கிலோ கணக்கில் இடித்துப் பொடியாக்கி, தண்ணீர் ஓடும் சரிவான மேசையில் ஓட விடுகிறார்கள். இலேசான குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் அடித்துக்கொண்டு போகும், கனமான மணிகள் பின்தங்கும். பிறகு காந்தத்தாலும் கனமான திரவத்தாலும் இன்னும் பிரித்து, கடைசியில் உருப்பெருக்கியின் கீழே ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிறார்கள். பாட்டி கல்லை எறிந்துவிட்டு அரிசியை வைத்துக்கொள்வாள். இவர்கள் வைத்துக்கொள்வது அடியில் தங்கியதை.

ஜிர்கான் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. யுரேனிய அணு அந்தப் படிகத்திலுள்ள ஜிர்கோனிய அணுவின் இடத்தில் உட்காரப் பொருந்தும், ஈய அணு பொருந்தாது. ஆக ஜிர்கான் பிறக்கும்போது அதற்குள் ஈயம் ஏறக்குறைய இல்லை. பிறகு யுரேனியம் தன்னால் சிதைந்து சிதைந்து ஈயமாகிறது. இன்று அந்த மணிக்குள் இருக்கும் ஈயமெல்லாம் அங்கேயே உண்டானது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று அளந்தால், எத்தனை காலம் ஆனது என்பது கணக்கு.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. யுரேனியத்தில் இரண்டு வகை இருக்கிறது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு போதும். இரண்டும் ஒரே மணிக்குள், ஒரே நாளில் ஓடத் தொடங்கிய இரண்டு கடிகாரங்கள். ஒன்று மெதுவாக ஓடும், ஒன்று வேகமாக. 250 கோடி ஆண்டு கடந்திருந்தால் முதல் வகையில் நூற்றுக்கு 68 மிச்சம் இருக்க வேண்டும், இரண்டாவது வகையில் நூற்றுக்கு எட்டோ ஒன்பதோதான் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக அளந்து இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். நடுவில் எப்போதாவது ஈயம் கசிந்திருந்தால் இரண்டு கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். "யாரு பாத்தாங்க" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஒன்றோடு ஒன்று பேசிவைத்துக்கொள்ள முடியாத இரண்டு சாட்சி இருக்கிறது.

யுரேனியத்திலிருந்து ஈயம் வருவதை வைத்துப் பாறைக்கு வயது சொல்லலாம் என்று 1907இல் பெர்ட்ரம் போல்ட்வுட் முதலில் கணக்குப் போட்டார். ஆர்தர் ஹோம்ஸ் இருபது வயதைத் தாண்டியவுடனேயே அதில் இறங்கி வாழ்நாள் முழுக்க உழைத்தார். ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் கிளேர் பாட்டர்சன். 1950களில் விண்கல்லில் இருக்கும் ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி வயது என்று சொன்னவர். அவரை வருஷக்கணக்கில் அலைக்கழித்தது கணக்கு இல்லை, அழுக்கு. எதை அளந்தாலும் இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஈயம் வந்தது. காற்றில், தூசியில், தலைமுடியில், எங்கும் ஈயம். ஆய்வறையைச் சுத்தமோ சுத்தம் என்று வைத்த பிறகுதான் சரியான எண் கிடைத்தது. அத்தோடு அவர் விட்டுவிடவில்லை. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, பெட்ரோலில் கலக்கிறார்கள் என்று கண்டு, அந்தத் தொழிலை எதிர்த்துப் பல ஆண்டு போராடினார். இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் 2000இல் வந்தது. பல்லாவரம் ஜிஎஸ்டி ரோட்டில் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போன என் வயதுப் பிள்ளைகள் அதுவரை அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுத்தோம். கல்லின் வயதைத் தேடியவர் பிள்ளைகளின் ரத்தம் வரை யோசித்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜிர்கானில் இன்னொன்றும் இருக்கிறது. மணியைப் பாதியாகத் தேய்த்து எலக்ட்ரான் கற்றையை அடித்தால் உள்ளே வட்டம் வட்டமாக ஒளிரும், அறுத்த மரத்தின் வளையம் போல. நடுக்கரு ஒரு வயது, மேல் ஓடு ஒரு வயது என்று இருப்பதும் உண்டு. தலைமுடியின் குறுக்களவைவிடச் சிறிய குழி போட்டு, கருவைத் தனியாகவும் ஓட்டைத் தனியாகவும் அளக்கிறார்கள். பாறைக்குழம்பு முதலில் இறுகியபோது பிறந்தது கரு. பிற்பாடு அந்தப் பாறை பூமிக்குள் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து, சார்னோகைட்டாக மாறியபோது மேலே வளர்ந்தது ஓடு. எங்கள் பகுதிப் பாறையில் இரண்டும் 250 கோடியை ஒட்டியே வருகின்றன. ஆனாலும் இரண்டு வேறு நிகழ்ச்சி. ஆக, நான் அவரிடம் சொன்ன 250 கோடி என்பது ஒரு பிறந்தநாளே இல்லை.

குன்றும் கல்லும் ஒன்றில்லை

இருபது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் எப்படி எங்கள் வீட்டு அம்மியானது? அதற்கு மேலே இருந்த இருபது கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து, உதிர்ந்து, ஆற்றோடு போனது. வேறு வழி இல்லை. அப்படியானால் பரங்கிமலைக்கு 250 கோடி வயது என்று சொல்வது தப்பாகிவிடுகிறது. கல்லுக்கு அந்த வயது சரி. ஆனால் பரங்கிமலை என்ற மேடு, படிக்கட்டு ஏறிப்போய் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்கிறோமே அந்த உருவம், அது கல் பிறந்தபோது இல்லை. சுற்றிலும் இருந்த இளகிய பாறை மக்கிக் கரைந்து போக, கடினமானது மட்டும் நிற்கிறது. மேடு எழும்பவில்லை, மற்றதெல்லாம் இறங்கியிருக்கிறது. சிற்பி வேண்டாததைச் செதுக்கி எடுத்தால் சிலை நிற்பது போல. சிலைக்கு வயது கேட்டால் கல் தோன்றிய காலத்தையா சொல்வோம்?

நிலத்தின் உருவத்துக்கு வயது சொல்ல ஜிர்கானால் ஆகாது. அதற்கு வானத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ராப்பகலாகப் பூமியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. வெட்டவெளியில் இருக்கும் பாறையின் குவார்ட்சில் அவை மோதும்போது ஆக்சிஜன் அணு உடைந்து பெரிலியம்-10 உண்டாகிறது, சிலிக்கான் அணு உடைந்து அலுமினியம்-26 உண்டாகிறது. மிகவும் கொஞ்சம். கடல் மட்டத்தில் ஒரு கிராம் குவார்ட்சில் ஓர் ஆண்டு முழுக்க ஒரு சில பெரிலியம்-10 அணுதான் சேரும். மேலிருந்து இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குப் போனால் அதுவும் அநேகமாக நின்றுவிடும். ஆகவே ஒரு பாறையில் இந்த அணுக்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பது, அது எத்தனை காலம் வெளிச்சத்தில் கிடந்தது, எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைச் சொல்லும். மூடாத பாறை முகடுகளை உலகெங்கும் இப்படி அளந்ததில், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் தேய்வதே சாதாரணம் என்று தெரிகிறது. அம்மியில் மசாலா அரைத்து அரைத்து நடுவே ஒரு விரல் பள்ளமாக அம்மாவுக்கு ஐம்பது வருஷம் ஆனது. மழைக்கு அதே வேலை செய்ய ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டும்.

பூண்டியில் ஒரு மத்தியானம்

இதையெல்லாம் படித்தும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபட்டது பூண்டியில். நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் சிறிய அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குள் கைக்கோடரிகள் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலம், இலை போன்ற உருவம், இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்துக் கூராக்கிய குவார்ட்சைட் கல்.

இந்தக் கோடரிகளின் கதையும் எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியை எடுத்தார். அவரும் நிலவியல் ஆய்வுத் துறைக்காரர்தான். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் குழியிலிருந்து தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் கருவிகளுக்கு எத்தனை வயது என்று சொல்ல ஃபுட்டிடம் வழி இல்லை. மண் அடுக்கைப் பார்த்து, மிகப் பழையது என்று மட்டும் சொல்ல முடிந்தது. எண் கிடைக்க 148 ஆண்டு ஆனது. 1999இலிருந்து அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு: சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு, கூடக்குறைய 70 ஆயிரம்.

எப்படி அளந்தார்கள் என்பதுதான் விஷயம். மண்ணை அளக்கவில்லை, புதைந்து கிடந்த கருவிகளின் குவார்ட்சையே கரைத்து அளந்தார்கள். வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் அலுமினியமும் பெரிலியமும் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்கின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாகச் சேர்வது நிற்கும், இருப்பது சிதையும். அலுமினியம்-26 பாதியாக ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டு, பெரிலியம்-10 பாதியாக ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு. இரண்டு ஓட்டைக் குடங்களை ஒரே நேரத்தில் நிரப்பி வைத்தது போல. ஒன்றில் ஓட்டை பெரியது. கொஞ்ச நேரம் கழித்து வந்து இரண்டிலும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று ஒப்பிட்டால், எப்போது நிரப்பினோம் என்று சொல்லலாம். எளிய கணக்கில், 15 லட்சம் ஆண்டில் அந்த ஏழுக்கு ஒன்று பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இங்கேயும் தனியாக ஒரு சாட்சி உண்டு. பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுக்கு முன்பு கடைசியாகத் தலைகீழாக மாறியது. அதற்கு முன்பு புலம் தலைகீழாக இருந்த காலத்தில் படிந்த களிமண்ணில் இரும்புத் துகள்கள் இன்றைய வடக்குக்கு எதிராகத் திரும்பி இருக்கும். அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குகளில் அப்படித்தான் இருந்தது. ஆக அந்தக் களிமண் 7.8 லட்சத்துக்குக் குறைவாக இருக்க வழி இல்லை. அதே இடத்தின் மேலடுக்குகளுக்கு வெளிச்சத்தை வைத்து வேறொரு முறையில் காலம் பார்த்தார்கள். வெயில் பட்டால் மணல் மணிகளில் சேர்ந்திருக்கும் கதிரியக்கச் சேமிப்பு அழிந்துவிடும், புதைந்த பிறகு மறுபடி சேரும். அதற்காக இரும்புக் குழாயை மண்சுவரில் அடித்து, வெளிச்சமே படாமல் எடுத்து மூடி, பழைய ஸ்டுடியோ இருட்டறை போலச் சிவப்பு வெளிச்சத்தில் திறக்கிறார்கள். அப்படிக் கிடைத்தது 3.85 லட்சம் ஆண்டு. 2018இல் வெளிவந்தது.

நான் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, இந்தக் கல்லுக்கு 15 லட்சம் வருஷம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். உடனே தோன்றியது: இல்லை, இந்தக் கல்லுக்கு இல்லை. அத்திரம்பாக்கத்தில் கருவி செய்தவர்கள் எடுத்தது அல்லிக்குழி மலைப் பக்கத்துக் கூழாங்கல். அந்தக் கூழாங்கற்கள் டைனோசர் காலத்தில், 10 கோடி ஆண்டுக்கும் முன்னால், ஆறு உருட்டிக்கொண்டு வந்து படியவைத்தவை. அவை எந்தப் பாறையிலிருந்து உடைந்தனவோ, அந்தக் கடப்பைக் குவார்ட்சைட் 100 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஒரு கடலோரத்து மணல். அந்த மணலின் ஒவ்வொரு மணியும் அதற்கும் முன்னே இருந்த ஏதோ மலை கரைந்து வந்தது. மணியாக இருந்து, மணலாகி, பாறையாகி, உடைந்து, உருண்டு கூழாங்கல்லாகி, மறுபடி மண்ணில் சிக்கி, வெளியே வந்து, யாரோ ஒருவர் கையில் பட்டுக் கோடரியாகி, வெள்ளத்தில் புதைந்தது. இதில் 15 லட்சம் என்பது கடைசி நிகழ்ச்சிக்கு மட்டும். அது புதைந்த வயது. செய்தவர் அதைக் கீழே போட்ட பிறகு ஆற்று மண் மூடியதே, அதற்கு.

அப்போதுதான் அம்மா சொன்ன பதில் ஞாபகம் வந்தது. எத்தனை வருஷத்து அம்மி என்று கேட்டதற்கு, "அம்பது வருஷம்" என்றார். நான் அதைத் திருத்தினேன். திருத்தியிருக்கவே கூடாது. அப்பா கொத்தச் சொல்லி வண்டியில் ஏற்றி வந்த நாளிலிருந்து அம்மா கணக்கு வைத்திருக்கிறார். நிலவியலாளர்கள் செய்வதும் அதுதான். கல் இறுகிய நாளிலிருந்து ஒரு கணக்கு, வெந்த நாளிலிருந்து ஒரு கணக்கு, வெளிச்சத்துக்கு வந்த நாளிலிருந்து ஒன்று, புதைந்த நாளிலிருந்து ஒன்று. ஒவ்வொரு கடிகாரமும் எந்த நாளில் பூஜ்யத்துக்கு வந்ததோ அந்த நாளைத்தான் அது சொல்லும், அதற்கு முந்தையது அதற்குத் தெரியாது. அம்மி கொத்துகிறவர் பழைய தேய்மானத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் புது முகம் வைக்கிறாரே, அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்தால் கொத்திய நாள்தான் தெரியும், கல்யாண நாள் தெரியாது. "கல்லுக்கு எத்தனை வயசு" என்பது பாதிக் கேள்வி. எதிலிருந்து என்பது மீதிப் பாதி. அந்த மீதியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவர்களைக் கண்டால் இப்போது எனக்குக் கோபம்கூட வருகிறது. சுற்றுலா இடத்துப் பலகையில், செய்தித்தாளில், வாட்ஸப்பில் "300 கோடி ஆண்டுப் பழமையான மலை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். படிக்கிறவர்கள், அந்த மலை இதே உருவத்தில் 300 கோடி ஆண்டாக நிற்கிறது என்றுதானே நினைத்துக்கொள்வார்கள்?

ஐப்பசியில் அவர் மறுபடி வந்தார். எதிர்வீட்டு ஆட்டுக்கல். கார் நிறுத்தும் இடத்தில் சாக்கை விரித்துக் கொத்திக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கிப் போய், "அண்ணே, அன்னைக்கு நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "என்னமோ கோடி வருஷம்னீங்களே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கார்பன் இல்லை என்பதையும், ஜிர்கான் மணியையும், உள்ளே இரண்டு கடிகாரம் ஓடுவதையும், அரிக்கன்சட்டியில் அரிப்பது போல அரிப்பதையும். கை நிற்காமல் கேட்டுக்கொண்டே வந்தார். அரிக்கன்சட்டி என்றதும் சிரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு உளியை நிறுத்தி, "இந்தக் கல்லும் அந்த மலைக் கல்லுதான். அப்ப இந்தத் தூள்லயும் அந்த மணி இருக்குமா?" என்றார்.

இருக்கும் என்றேன். எத்தனை கொத்தினாலும் அதற்குள் இருக்கும் கணக்கு மாறாது என்றும் சொன்னேன்.

அவர் முழங்கை வரை வெள்ளையாகப் படிந்திருந்த தூளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் ஒரு கோடு இழுத்து, வெயிலில் காட்டித் திருப்பிப் பார்த்தார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டுக்கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். எதிர்வீட்டு அம்மா மேலிருந்து, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்.

"முதல்ல ரெண்டு தடவை தவிடு போட்டு ஆட்டிக் கழுவிடுங்கம்மா. அப்புறம் ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார்.